டாம் வீதியில் ஒரு சைக்கிள் கடை: மலைக்குப் போகுமுன் போகவேண்டிய இடம்

கொழும்பில் இருந்துகொண்டு மலைநாட்டில் சைக்கிள் ஓட ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: புதுச் சில்லோ புது ஹெல்மெட்டோ வாங்குமுன், கையில் இருக்கிற சைக்கிளை டாம் வீதிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். புறக்கோட்டையிலிருந்து புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போகும்போது வீதி நெடுகிலும் சைக்கிள் கடைகள். டயர், டியூப், பெல், சீட் கவர், சின்னப் பிள்ளைகளின் மூன்று சில்லு வண்டி என்று வாசல் வரை தொங்கும். நான் சொல்கிற கடை வீதியில் இல்லை. இடப்பக்கம் திரும்பும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கதவு நிலையில் ஒரு பழைய பின்சில்லை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள், அதுதான் அடையாளம்.

உள்ளே நானா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), அவருடைய மருமகன், இரண்டு ஸ்டாண்ட், சுவர் நிறைய ஸ்பேனர். நானாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். புறக்கோட்டையில் மூட்டை ஏற்றும் கரியர் சைக்கிளையும் உள்ளூர் லுமாலா சைக்கிளையும் திருத்திப் பழகிய கை. ரேஸிங் சைக்கிள்கள் அவரிடம் கூட்டமாக வரத் தொடங்கியது 2022இல், பெற்றோல் வரிசை வீதிக்கு வீதி நீண்டிருந்த அந்த மாதங்களில். வீட்டு மூலையில் தூசு பிடித்துக் கிடந்த சைக்கிளையெல்லாம் ஊரே வெளியில் எடுத்தது. நானும் அப்படித்தான் ஓட வந்தேன். வெள்ளவத்தையில் வீடு, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பஸ்ஸை நம்ப முடியாத காலத்தில் சைக்கிளில் பாடசாலைக்குப் போய், பிறகு விடியற்காலை ஓட்டங்களுக்குப் போய், பிறகு மகளிர் பிரிவில் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிற அளவுக்கு வந்தேன். என்னுடைய பந்தய நாட்காட்டி பாடசாலை விடுமுறை நாட்காட்டிதான்: ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். இந்த விமர்சனம் அப்படி ஒரு முழுப் பருவம் இந்தக் கடையை நம்பி ஓடியதன் பிறகு எழுதுவது.

என் சைக்கிள் இரண்டாம் கைக்கு வாங்கிய பத்து ஸ்பீட் ரேஸர். இரும்பு ஃபிரேம், சில்லின் விளிம்பைப் (ரிம்) பிடிக்கும் ரிம் பிரேக். முன்னுக்கு, பெடலோடு சுற்றும் இரண்டு பல்வளையம்: 53 பல், 39 பல். பின்சில்லில் பத்துப் பல்வளையம், 11 பல் முதல் 25 பல் வரை. தட்டையான வீதியில் அது பறக்கும். ஆனால் ஹட்டன் போகும் வழியில் கினிகத்தேனை ஏற்றத்தில் கால் சுற்றவே மாட்டேன் என்றது. நகரத்தில் நல்ல வெளிச்சமும் ஏசியும் போட்ட ஒரு கடையில் இதைச் சொன்னபோது, ஏற்றத்துக்குப் பாரம் குறைய வேண்டும் என்று கார்பன் சில்லுச் சோடி ஒன்றைக் காட்டினார்கள். எந்த ஏற்றம், எவ்வளவு தூரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டாம் வீதி நானா முதலில் கேட்டதே அதைத்தான். "எங்க ஏறப் போறீங்க தங்கச்சி?" சொன்னேன்: அவிசாவளையிலிருந்து ஹட்டன், பிறகு கம்பளைப் பக்கமிருந்து நுவரெலியா, ஓகஸ்டில் அப்புத்தளை. அவர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றாமல் குந்தியிருந்தபடியே பின்பல்லில் விரலை வைத்து எண்ணினார். "இது காலிமுகத்திடல் பல்லு. மலைக்கு இத வெச்சிக்கிட்டுப் போனா முழங்கால்தான் போகும். சில்லுக்குச் சல்லிய வீணாக்காதீங்க, பல்ல மாத்துவோம்."

வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்பன் சில்லு எனக்கு மிச்சப்படுத்தக்கூடிய பாரம் 400 கிராம் என்று வையுங்கள். நானும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தல்களும் சேர்ந்து 68 கிலோ. 400 கிராம் என்பது அதில் நூற்றுக்கு 0.6. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மொத்தப் பாரத்துக்கு ஏறக்குறைய நேர்மாறாகப் போகும். ஆக, ஒரு மணித்தியாலம் ஏறும் இடத்தில் எனக்குக் கிடைப்பது இருபது வினாடி சொச்சம். சர்வதேசப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதே இல்லை. அந்த எல்லையைத் தொடப் போராடுகிறவர்களுக்கு இருபது வினாடி பெரியது. கால் சுற்றாமல் நிற்கிற எனக்கு அது ஒன்றுமில்லை.

பல்லுக் கணக்கு வேறு மாதிரி. 25 மில்லிமீற்றர் டயர் போட்ட சில்லு ஒரு சுற்றுக்கு 2.1 மீற்றர் போகும். முன்னுக்கு 39, பின்னுக்கு 25 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 3.28 மீற்றர். கடும் ஏற்றத்தில் நான் மணிக்கு 7.5 கிலோமீற்றர் போவேன், அதாவது நிமிடத்துக்கு 125 மீற்றர். 125ஐ 3.28ஆல் வகுத்தால் 38. நிமிடத்துக்கு 38 சுற்றில் ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் ஒற்றைக் காலால் எழும்புவது போலத்தான். முன்னுக்கு 34, பின்னுக்கு 34 என்று மாற்றினால் பெடல் ஒரு சுற்றுக்கு 2.1 மீற்றர். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று. ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. செய்யும் மொத்த வேலை அதேதான். ஆனால் அதைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்கிறோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதம் படிப்பிக்கும்போது இப்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் கொடுக்கிறேன்.

மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. இந்த இடத்தில்தான் நானாவின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கிராங்கில் (பெடல் பூட்டியிருக்கும் கை) 34 பல் ஏறாது. பல்வளையத்தைப் பிடிக்கும் போல்ட் வட்டம் 130 மில்லிமீற்றர், அதில் போடக்கூடிய மிகச் சிறியது 38. 34 வேண்டுமென்றால் 110 மில்லிமீற்றர் வட்டமுள்ள கிராங்க் தேவை. அதை இரண்டாம் கைக்குத் தேடிப் பிடித்தார், 50க்கு 34. பிறகு பின் டிரெய்லியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம். முன்பல் வித்தியாசம் 16, பின்பல் வித்தியாசம் 23, இரண்டும் சேர்ந்து 39 பல் அளவு செயின் தளர்ச்சியை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். டிரெய்லியரில் செயினை இழுத்துப் பிடிக்கும் தொங்கு கைதான் கேஜ். என்னுடைய குட்டைக் கேஜால் அது முடியாது. பத்து ஸ்பீட் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி எதையும் வாங்கி மாட்டவும் முடியாது. ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசையும் பத்து ஸ்பீட்தான், ஆனால் அதன் கேபிள் இழுவை (ஒரு கியர் மாற எவ்வளவு கேபிள் இழுபட வேண்டும் என்பது) பழைய பத்து ஸ்பீட் கியர் லீவரோடு ஒத்துவராது. கியர் சரியாக விழாது.

நானா ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்து பழைய ஒன்பது ஸ்பீட் மவுண்டன் சைக்கிள் டிரெய்லியர் ஒன்றை எடுத்தார். நீளக் கேஜ். ஷிமானோவில் அந்தக் காலத்து ஒன்பது ஸ்பீட் மவுண்டன் டிரெய்லியருக்கும் பழைய பத்து ஸ்பீட் ரேஸர் லீவருக்கும் இழுவை ஒன்றுதான். எத்தனை ஸ்பீட் என்பதை லீவர் தீர்மானிக்கும், டிரெய்லியருக்கு அந்த எண்ணிக்கை தெரியவேண்டிய அவசியமில்லை. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, மாட்டி மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கழுவி, சின்னப் பல்லுருளைகள் இரண்டையும் புதிதாகப் போட்டு மாட்டினார். 34 பல்லுக்கும் மேல் உருளைக்கும் இடையில் உரசாமலும் விலகிப் போகாமலும் இருக்க, பின்பக்கச் சின்ன ஸ்குருவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே மறுகையால் பெடலைச் சுற்றினார். காதைச் செயினுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அந்த வேலையைச் செய்கிறார். மருமகன் ரேடியோவைக் குறைத்துவிடுவார்.

பந்தயக்காரர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: 53 போய் 50 வந்தால் தட்டையில் வேகம் குறையாதா? 50க்கு 11இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீற்றர். அதற்கு மேல் நான் எங்கே போகப் போகிறேன்? உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 11 முதல் 34 வரை பத்தே பல்வளையத்துக்குள் அடக்க வேண்டுமென்பதால் வேகமான பக்கத்தில் 11, 13, 15, 17 என்று இரண்டிரண்டாகத் தாவுகிறது. பழைய கசெட்டில் (பின்பல் தொகுதி) 12உம் 14உம் இருந்தன. கூட்டத்தோடு ஓடும் பந்தயத்தில், 15இல் கால் பதறுகிறது, 13இல் கால் கனக்கிறது, இடையில் ஒன்றுமில்லை. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் சைக்கிள் ஓட்டங்கள் எல்லாம் தட்டை வீதியில்தான். அங்கே இது கரைச்சல். நானாவிடம் சொன்னேன். பழைய 11-25 கசெட்டை எறியாமல் கழுவி ஒரு ஷொப்பிங் பேக்கில் கட்டித் தந்து, "தட்டைக்கு இது, மலைக்கு அது" என்றார். நீளக் கேஜ் இருப்பதால் செயினை வெட்டி ஒட்டாமலே மாற்றலாம். மாற்றும் விதத்தையும் சொல்லித் தந்தார், இப்போது நானே செய்கிறேன். தன்னிடம் திரும்பத் திரும்ப வரவைக்காமல் வேலையைச் சொல்லிக் கொடுக்கிற மெக்கானிக்கை நான் கொழும்பில் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஏப்ரல் விடுமுறையில் கொட்டகலையில் மாமி வீட்டில் தங்கினேன். மார்ச், ஏப்ரலில் மலைநாட்டில் காலை வெயில், பின்னேரம் இடியும் மழையும். ஐந்து மணிக்கெல்லாம் எழும்பி, மாமி கட்டித் தரும் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் முதுகுப் பைக்குள் போட்டுக்கொண்டு தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஏறி, நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் சென் கிளயர் அருவி தெரியும் இடத்தில் பிளேன்டீ. கொழுந்துக்குப் போகிற அக்காமார் ஏற்றத்தில் என்னோடு கொஞ்சத் தூரம் கதைத்துக்கொண்டே நடந்து வந்தார்கள். எனக்கு அவர்களோடு கதைக்க மூச்சு இருந்தது. பழைய பல்லில் அந்த இடத்தில் பேச்சே வந்திருக்காது.

அந்த விடுமுறைக்குள்தான் நான் கலந்துகொண்ட ஏற்றப் பந்தயமும். கம்பளைப் பக்கமிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா வரை. றம்பொடை அருவிக்கு மேல் வீதி தேயிலைக்குள் வளைந்து வளைந்து எழும்புகிறது. ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தால் நாம் வந்த வீதியே மூன்று அடுக்காகத் தெரியும். முன்னால் போன பலமான பிள்ளைகள் பெரிய பல்லிலேயே ஏறி வென்றார்கள், அது அவர்களுடைய கால். ஆனால் லபுக்கலைக்குக் கிட்ட, கால் நின்று இறங்கித் தள்ளுகிறவர்களைத் தாண்டி நான் அதே அறுபது சுற்றில் போய்க்கொண்டிருந்தேன். பட்டியலின் நடுவில் முடித்தேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்பில் கடல் மட்டத்தில் பழகிய உடம்பு அங்கே முடிவுக் கோட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருந்தது. அன்று நான் பட்ட சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை.

ஏறினால் இறங்க வேண்டும். பல்லை விட எனக்குப் பெரிய உபகாரமாக நானா செய்தது பிரேக் வேலை.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வரை ஏறக்குறைய 900 மீற்றர் இறக்கம். 68 கிலோவை அவ்வளவு தூரம் கீழே கொண்டுவந்தால் 600 கிலோஜூல் சக்தி எங்காவது போகத்தான் வேண்டும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் மிச்சமெல்லாம் ரிம்மில் சூடாகும். ரிம் சூடானால் உள்ளே இருக்கும் டியூபும் ரிம் டேப்பும் சூடாகும். என் சில்லில் இருந்தது மலிவான பிளாஸ்டிக் டேப். நானா டயரைக் கழற்றி அதை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு கம்பித் துவாரத்துக்கு மேலும் டேப் குழிந்து உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் குழிக்குள் டியூப் புகுந்தால் ஒரு நாள் வெடிக்கும், அது பெரும்பாலும் இறக்கத்தில்தான் வெடிக்கும், ஏனென்றால் சூடு அங்கேதான். துணி டேப் போட்டார். இந்த வேலையின் விலை ஒரு சாப்பாட்டுப் பார்சலை விடக் குறைவு. நான் கேட்கவே இல்லை, அவராகப் பார்த்துச் செய்தது.

பிறகு பிரேக் கட்டைகள். கழற்றிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கறுப்பு ரப்பருக்குள் ஊசி முனையளவு வெள்ளிப் பொட்டுகள் மின்னின. மழையில் ஓடும்போது வீதி மணல் கட்டையில் ஒட்டி, ரிம்மின் அலுமினியத்தைச் சுரண்டி, அந்தத் துகள்கள் ரப்பருக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. பதிந்த துகள் மேலும் சுரண்டும். பிரேக் பிடிக்கும்போது வரும் அந்தக் கரகரப்புச் சத்தம் அதுதான். தையல் ஊசி ஒன்றால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்து, வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டினார். மேற்பரப்பை அரத்தாள் போட்டுத் தேய்த்தார். ரிம் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு வெட்டியிருக்கும், அது தேய்ந்து மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும் என்று விரல் நகத்தை வைத்து உணரச் சொன்னார். என்னுடையதில் கோடு இன்னும் இருந்தது.

"வளைவுக்குள்ள பிரேக் பிடிக்காதீங்க, வளைவுக்கு முந்திப் பிடிங்க. பிடிச்சா நல்லாப் பிடிங்க, விட்டா முழுசா விடுங்க. சும்மா தடவிக்கிட்டே போகாதீங்க." விட்ட நேரத்தில் காற்று ரிம்மை ஆற்றும். இதைச் சொல்லித் தந்தவர் நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போனதே இல்லையாம். பாரம் ஏற்றிய கரியர் சைக்கிளை இறக்கத்தில் கொண்டுவருகிறவர்களின் பிரேக்கைத் திருத்தித் தெரிந்துகொண்டாராம். றம்பொடை வளைவுகளில், பனிமூட்டத்துக்குள், எதிரே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்போது, அந்த வார்த்தைகள் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டன. இறங்குமுன் ஜெர்சிக்குள் நெஞ்சோடு ஒரு பேப்பரைச் செருகிக்கொள்வதும் நல்லது. வியர்த்த உடம்போடு இறங்கினால் குளிர் எலும்பு வரை போகும். இது நானா சொன்னதல்ல, பழைய பந்தயக்காரர்களின் வழக்கம்.

மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. ஹட்டனுக்குப் போகும் ஏ7 வீதியில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் அப்போது விடாத மழை. இலங்கையிலேயே அதிகம் மழை விழும் இடங்களில் வட்டவளை ஒன்று. அந்த மாதங்களில் நான் கொழும்புக்குள்தான் ஓடினேன், சைக்கிளைக் கழுவிப் பராமரிக்கவும் அதுதான் நேரம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: மலைச் சேற்றை விட நம்முடைய கடற்காற்று மோசம். மரைன் டிரைவ் பக்கத்து பல்கனியில் சைக்கிளை வைத்தால் உப்பு எல்லா இடுக்குக்குள்ளும் போகும். என் ஃபிரேம் இரும்பு, சீட் போஸ்ட் அலுமினியம். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். என்னுடையது அப்படி இறுகியிருந்தது. நானா இரவு முழுக்க எண்ணெய் ஊறவிட்டார். மறுநாள் சீட்டைக் கழற்றி, போஸ்ட்டின் தலையை வைஸில் பிடித்து, முழுச் சைக்கிளையும் இரண்டு பேராகத் தூக்கி மெல்ல மெல்லத் திருப்பினார்கள். முதலில் ஒரு கிறீச்சல், பிறகு வெள்ளைப் பொடி, பிறகு போஸ்ட் விடுபட்டது. உள்ளே துடைத்துக் கிரீஸ் பூசி, உயரத்துக்கு அடையாளமாக ஒரு டேப் ஒட்டி மறுபடி இறக்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் பூசச் சொன்னார்.

செயினை அவர் அளப்பது ஓர் உருக்கு அடிமட்டத்தால். புதுச் செயினில் 12 முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் முடிந்தது, மாற்று. இன்னும் ஓட்டினால் கசெட்டையும் சேர்த்துத் தின்னும். கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை, அங்குலம் குறித்த ஒரு நீள அடிமட்டமே போதும்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊவாப் பக்கம் போனேன். மேற்குச் சரிவு நனையும் அதே மாதங்களில் மலையின் மறுபக்கம் காய்ந்து கிடக்கும். மழையை மேற்கே கொட்டிவிட்டு வருகிற காற்று அங்கே வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை வருகிற அந்தத் தனி மணம் இந்தக் காற்றால்தான் என்பார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். சைக்கிள்காரருக்கு அது காய்ந்த வீதி. பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை வீதி பரவாயில்லை. அந்தத் தேயிலைத் தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது, இன்னும் இயங்குகிறது. அதற்கு மேல் லிப்டன் சீற் வரை ஒடுங்கிய தோட்டப் பாதை. இரண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவே லயங்கள், கோயில், பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளின் "அக்கா, அக்கா" சத்தம். சில வளைவுகளில் 34க்கு 34உம் போதாதோ என்று இருந்தது. ஆனாலும் காலை ஊன்றாமல் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் எழும்பவில்லை, தெற்கே சமவெளி நெடுந்தூரம் தெரிந்தது. ஏழு, எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், பிறகு மூடிவிடும்.

அந்தப் பருவம் முழுக்க கியர் ஒருமுறையும் வழுக்கவில்லை, பிரேக்கில் பயப்பட வைத்த தருணம் ஒன்றும் இல்லை. இரண்டாம் கைக் கிராங்க், டப்பாவுக்குள் கிடந்த டிரெய்லியர், புதுக் கசெட், புதுச் செயின், கூலி எல்லாம் சேர்ந்து, அந்தக் கார்பன் சில்லின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் வரவில்லை. பில்லில் பாகம் தனி, கூலி தனி என்று எழுதித் தருகிறார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே கையில் தருகிறார்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்ல வேண்டும். வசதியாக உட்கார இடமில்லை, பெரும்பாலும் ஒழுங்கையில்தான் நிற்க வேண்டும், பக்கத்தில் வாகனம் நிறுத்தவும் முடியாது. போனில் நேரம் குறித்துக்கொள்கிற வழக்கம் கிடையாது, போய்த்தான் கேட்க வேண்டும். "நாளைக்கு" என்று சொன்னால் நாளை மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் கைப் பாகம் தேட வேண்டுமென்றால் இன்னும் கூட. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பூட்டு, ஞாயிறும் பூட்டு, நோன்பு மாதத்தில் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வேலை எடுப்பதில்லை. எலெக்ட்ரோனிக் கியரை அவர் தொடமாட்டார், "அது எனக்குத் தெரியாத வேலை, தெரிஞ்சவங்கக்கிட்ட குடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுவார். ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கில் கட்டை மாற்றுவார், எண்ணெய் மாற்றும் வேலையை எடுப்பதில்லை. அப்படியான சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கடை முழுமையாகப் போதாது. புது மொடல் பாகங்கள் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் என்று எதிர்பார்த்தும் போக வேண்டாம்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று இரண்டு தோழிகள் கேட்டார்கள். தாராளமாகப் போகலாம். நான் போன முதல் நாளே மருமகன் உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்துத் துடைத்துப் போட்டார். சைக்கிளைப் பற்றி நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானா எனக்கே பதில் சொன்னார், கூட வந்த தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை. வேறு இடங்களில் எனக்கு அப்படி நடப்பதில்லை.

ஏப்ரல் விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் மார்ச் முதல் வாரத்திலேயே சைக்கிளைக் கொடுத்துவிடுங்கள். மாத நடுவில் புத்தாண்டுப் பந்தயக்காரர் எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள், பிறகு ஸ்டாண்ட் கிடைக்காது. போகும்போது எந்த வீதியில் ஏறப் போகிறீர்கள், உங்கள் பாரம் எவ்வளவு, ஏற்றத்தில் முழங்கால் நோகிறதா, முதுகு நோகிறதா என்பதையெல்லாம் சொல்லத் தயாராகப் போங்கள். அதைக் கேட்டு முடிக்கும் வரை அவர் ஸ்பேனரை எடுக்க மாட்டார்.